சரக்குக்கு ஏற்ற உறை

ஐப்பசி பிறந்தால் திசையன்விளைப் பக்கத்து வீடுகளில் கருப்பட்டிப் பானையை அடுப்படிப் பரணிலிருந்து இறக்கமாட்டார்கள். அடுப்பின் புகையும் வெம்மையும் படும் இடத்தில் இருக்கும்வரை கருப்பட்டி கல்லாகக் கிடக்கும். தரையில் இறக்கி வைத்தால் சில நாட்களிலேயே இளகிக் கசியத் தொடங்கும். வெல்லத்தைவிடக் கருப்பட்டிக்கு ஈரத்தை இழுக்கும் குணம் மிகுதி என்பதைத் தேரிக்காட்டு மக்களுக்கு எவரும் கற்றுத் தரவேண்டியதில்லை.

ஆனால் இன்று அக்கருப்பட்டி உள்ளூர்ப் பரணோடு நின்றுவிடுவதில்லை. சங்கங்களும் மகளிர் குழுக்களும் அதனை அரைக் கிலோ, ஒரு கிலோ அளவுகளில் அடைத்துச் சென்னைக்கும் பெங்களூருக்கும் கடல் கடந்தும் அனுப்புகின்றன. வாங்குவோர் வீட்டில் விறகடுப்பும் இல்லை, பரணும் இல்லை. பரண் செய்துவந்த வேலையை இனி உறையே செய்தாக வேண்டும். உறை தவறினால் சரக்கு திரும்பி வரும். திரும்பி வந்த சரக்கின் நட்டம் சங்கக் கணக்கில் ஏறி, ஆண்டு முடிவில் அங்கத்தினர் பங்கில்தான் குறையும். எனவே உறைத் தொழில் இன்று எத்திசையில் செல்கிறது என்பதை அறிந்துகொள்வது நமக்கு வெறும் பொது அறிவன்று.

கண்ணாடிப் புட்டி, தகர டப்பா, மரப்பெட்டி ஆகியவை விறைப்பான பொதிகள். மடக்கவும் சுருட்டவும் இடங்கொடுக்கும் உறைகளை நெகிழ்பொதி என்று குறிப்பிடுவோம். பெயர் புதியதாயினும் பொருள் புதியதன்று. ஓலைக் கொட்டான், வாழையிலை, தாமரை இலை, சணற்சாக்கு, துணிப்பை யாவும் நெகிழ்பொதிகளே. அவை காற்றையும் ஈரத்தையும் உள்ளும் புறமும் செல்லவிட்டன. இன்றைய தாள்கள் அவற்றை அடைக்கின்றன. நன்மையும் தொல்லையும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன.

உறையைத் தேர்ந்தெடுக்குமுன் கேட்கவேண்டிய கேள்வி, பை அழகாக இருக்கிறதா என்பதன்று. இச்சரக்குக்குப் பகை எது என்பதே. கருப்பட்டிக்கும் பனங்கற்கண்டுக்கும் முதற்பகை ஈரம். முருங்கையிலைத் தூளுக்கு ஈரத்தோடு வெளிச்சமும் பகை; அதன் பச்சை நிறமும், உடலுக்கு வைட்டமின் ஏ ஆக உதவும் சத்தும் ஒளியில் அழிகின்றன. கடலை மிட்டாய், முறுக்கு போன்ற எண்ணெய்ப் பசையுள்ள பண்டங்களுக்குக் காற்றிலுள்ள பிராணவாயு பகை. அதனால்தான் நாட்பட்ட பண்டத்தில் சிக்குவாடை எழுகிறது. பறித்த முருங்கைக்காய், கீரை, பூ இவற்றின் நிலைமை நேர்மாறானது. அவை பறித்த பின்னரும் மூச்சுவிடுவன. முற்றிலும் அடைத்தால் வேர்த்து அழுகும். ஒரே பையை எல்லாச் சரக்குக்கும் வாங்கிக் குவிப்பது சிக்கனம்போல் தோன்றும், ஆனால் சிக்கனமாகாது.

எனக்குப் பழக்கமான ஓர் உழவர் குழுவில் நடந்ததைச் சொல்கிறேன், பெயர் வேண்டா. முருங்கையிலையை நிழலில் உலர்த்தி, நல்ல பச்சை நிறத்தில் தூள் செய்தார்கள். உள்ளிருப்பது தெரிந்தால்தான் விற்கும் என்ற வியாபாரியின் பேச்சைக் கேட்டுக் கண்ணாடி போன்ற பையில் அடைத்தார்கள். கடையின் முன்தட்டில் வெளிச்சம் படும்படி அடுக்கப்பட்ட பைகள் இரண்டு மாதத்தில் வைக்கோல் நிறமாயின. அதே நாளில் அரைத்து, கிடங்கில் அட்டைப்பெட்டிக்குள் இருந்த பைகளோ பச்சையாகவே இருந்தன. அதிலிருந்து பாடம் கற்றவர்கள் மறுகோடிக்கு ஓடினார்கள். அலுமினியம் சேர்த்த அடுக்குத் தாளில் ஐந்து வர்ணத்தில் அச்சிட்ட உறையைச் சுருள் சுருளாக வாங்கினார்கள். குறைந்த அளவில் அச்சிட்டுத் தர அச்சகம் இசையவில்லை. ஓராண்டுக்குள் உணவுப் பாதுகாப்பு உரிம எண் மாறிற்று. பழைய எண் அச்சான சுருள்களில் பாதிக்குமேல் பயனின்றிப் போயின. முதல் தவற்றில் போனது சரக்கு, இரண்டாவதில் போனது முதல்.

இவ்விரு தவறுகளையும் தவிர்க்க, தாள்களின் குணத்தைச் சிறிது அறியவேண்டும்.

பாலிதீன் 1933ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில், வேறொன்றைத் தேடும்போது தற்செயலாகக் கிடைத்த பொருள். அதற்குமுன் ஒளிபுகும் உறை என்றால் மரக்கூழிலிருந்து செய்யப்படும் செலோபேன் தாள்தான். நமக்கு அண்டையிலே, பெரும்பாவூரை அடுத்த ராயோன்புரத்தில் இருந்த திருவாங்கூர் ரேயான்ஸ் ஆலை அதனைச் செய்துவந்தது. பாலிதீன் வந்து, விலையிலும் உழைப்பிலும் செலோபேனைப் பின்தள்ளிற்று. பாலிதீன் ஈரத்தை நன்கு தடுக்கும், இளஞ்சூட்டிலேயே ஒட்டும்; பிராணவாயுவை மட்டும் ஓரளவு உள்ளே விட்டுவிடும். பாலிபுரோப்பிலீன் அதன் உடன்பிறப்பு. இன்னும் விறைப்பும் பளபளப்பும் உடையது, ஈரத்தை மேலும் நன்றாகத் தடுப்பது. பாலியெஸ்டர் வலிமையானது, சூடு தாங்குவது, அச்சுக்கு ஏற்றது. ஆனால் தானாக எளிதில் ஒட்டாது. அலுமினியத் தாள் ஈரம், காற்று, வெளிச்சம் மூன்றையும் தடுக்கும். மடித்தால் ஊசித்துளை விழும்.

ஒவ்வொன்றிலும் ஒரு குறை இருந்தமையால், தொழிற்சாலைகள் இவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் பசையிட்டு ஒட்டத் தொடங்கின. வெளியே அச்சிட்ட பாலியெஸ்டர், நடுவே அலுமினியம் அல்லது அலுமினியப் பூச்சு, உள்ளே ஒட்டுவதற்குப் பாலிதீன். இதுவே அடுக்குத் தாள். பிஸ்கட்டு, காப்பித்தூள், மசாலா, ஷாம்பு எல்லாம் இதில் ஏறி ஊர் ஊராகப் போயின.

இவ்வளர்ச்சியில் நம் நாட்டுக்கே உரிய ஓர் அத்தியாயம் கடலூரில் எழுதப்பட்டது. அங்கே சின்னி கிருஷ்ணன் என்பார், பெரிய புட்டியை வாங்க இயலாத கூலித் தொழிலாளியும் ஒரு வேளைக்கு வேண்டியதை வாங்கும்படி, ஷாம்புவைச் சிறு பைகளில் அடைக்கலாம் என்று கண்டார். அவர் மக்கள் அதனை வெல்வெட் என்ற பெயரில் பரப்பினர். அவர்களுள் ஒருவரான சி. கே. ரங்கநாதன் 1983இல் தனியே பிரிந்து சிக் ஷாம்புவைத் தொடங்கினார். ஒரு ரூபாய்க்கும் பின்னர் அரை ரூபாய்க்கும் விற்ற அச்சிறு பை, பெருங்கம்பெனிகளையும் தம் வழிக்கு இழுத்தது. ஏழையின் கைக்கு எட்டும் அளவில் சரக்கைப் பிரித்த அறிவை நாம் மெச்சவேண்டும். சுக்குக் கருப்பட்டியையும் கற்கண்டையும் சிறு அளவில் விற்க எண்ணும் சங்கங்கள் அதிலிருந்து கற்கத்தக்கது உண்டு. ஆனால் சரக்கின் அளவு குறையக் குறைய, ஒவ்வொரு கிராம் சரக்குக்கும் செலவாகும் தாளின் அளவு கூடிக்கொண்டே போகும். தீர்ந்த பை தேரி மணலிலும் ஓடையிலும் கிடக்கிறது. ஆடுமாடுகளின் வயிற்றிலும் சேர்கிறது.

அது ஏன் அங்கேயே கிடக்கிறது? ஆவின் பால் உறையைப் பழைய பேப்பர் கடைக்காரர் எடைக்கு வாங்கிக்கொள்கிறார். ஷாம்புப் பையையும் சிப்ஸ் உறையையும் தொடுவதில்லை. காரணம் எளிது. பால் உறை ஏறத்தாழ 50 மைக்ரான் கனமுள்ள பாலிதீன்; வேறெதுவும் அதில் ஒட்டப்படவில்லை. கழுவி உருக்கினால் மீண்டும் பாலிதீனாகவே வரும். அடுக்குத் தாளில் உள்ள பாலிதீன் ஏறத்தாழ 110 பாகைச் சூட்டில் உருகும். பாலியெஸ்டர் உருக 250 பாகைக்குமேல் வேண்டும். அலுமினியத்துக்கோ 660 பாகை. ஒன்று உருகும்போது மற்றது உருகாது. இரண்டும் உருகும் சூட்டில் முதலாவது கருகும். பிரிக்கவோ பசை விடாது. பிறக்கும்போதே குப்பையாக விதிக்கப்பட்ட உறை அது என்று சொன்னால் மிகையாகாது. அவ்வகைக் குப்பையைச் சிமெண்டுச் சூளைகளில் எரிபொருளாக இடுகிறார்கள். மதுரைத் தியாகராசர் பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் இரா. வாசுதேவன் பிளாஸ்டிக்குக் குப்பையைச் சாலைத் தாரோடு சேர்க்கும் முறையைக் கண்டு, 2018இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். இவையெல்லாம் நல்ல முயற்சிகளே. எனினும் வீசிய பின் செய்யும் வைத்தியங்கள்.

சட்டமும் இக்காரணத்தாலேயே உறையின்மேல் கண் வைத்தது. மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு விதிகள், மறுபயன் காணமுடியாத அடுக்குத் தாள்களை இரண்டாண்டில் கைவிடச் சொல்லின; 2018இல் அவ்விதி தளர்த்தப்பட்டது. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக்குப் பொருள்களுக்கு 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து தடை வந்தது. 2022 பிப்ரவரியில் மத்திய அரசு, உறையைச் சந்தைக்கு அனுப்புவோரே அதனைத் திரும்பப் பெறவும் பொறுப்பேற்க வேண்டும் என்ற நெறிமுறையை வெளியிட்டது. அதன்படி நெகிழ்பொதிகளில் மறுசுழற்சி செய்யவேண்டிய பங்கு 2024-25இல் 30 சதவீதத்தில் தொடங்கி, 2027-28இல் 60 சதவீதமாக உயரவேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2025இல் நடைமுறைக்குக் கொணர்ந்த சட்டமோ, 2030க்குள் அங்கு விற்கப்படும் பொதிகள் யாவும் மறுசுழற்சிக்கு ஏற்றவையாக இருக்கவேண்டும் என்கிறது. முருங்கைத் தூளை அந்நாடுகளுக்கு அனுப்ப எண்ணுவோர் இதனை இப்போதே குறித்துக்கொள்வது நன்று.

இந்நெருக்கத்தால் தொழில் தன் திசையை மாற்றிக்கொண்டு வருகிறது. வெவ்வேறு குலத்துத் தாள்களை ஒட்டுவதை விட்டு, ஒரே குலத்துத் தாள்களை அடுக்கும் முறை பரவுகிறது. பாலிதீனையே இழுத்து நீட்டி விறைப்பாக்கினால் அச்சுக்கேற்ற வெளித்தாளாகும். நீட்டாத பாலிதீன் உள்தாளாகும். இரண்டையும் சேர்த்தால் அடுக்கும் உண்டு, உருக்கினால் ஒரே பொருளும் கிடைக்கும். இதற்கு விலை சற்றுக் கூடுதல்; அலுமினியத் தாளின் முழுக்காப்பு இதற்கு இல்லை என்பதையும் மறைக்கக்கூடாது. ஆயினும் நம் சரக்குகளிற் பலவற்றுக்கு அம்முழுக்காப்பு வேண்டியதே இல்லை. கருப்பட்டிக்கு வேண்டியது ஈரத்தடை. நல்ல கனமுள்ள தனிப் பாலிதீனோ பாலிபுரோப்பிலீனோ அதைச் செய்யும். அதற்கு அலுமினியம் போர்த்துவது நடமாடும் கடைக்குக் கோட்டைமதில் எழுப்புவதை ஒக்கும். முருங்கைத் தூளுக்கு வெளிச்சத்தடையும் வேண்டும். அதனை உட்பை ஒன்றும் ஒளிபுகாத அட்டைப்பெட்டி ஒன்றுமாகப் பிரித்துத் தரலாம். பையும் பெட்டியும் வாங்குவோர் கையிலேயே தனித்தனியாகப் பிரிந்துவிடும்.

இங்கேதான் நம் ஓலைக் கொட்டானின் நினைவு வருகிறது. கொட்டானுக்கு ஈரத்தைத் தடுக்கும் வன்மை இல்லை. மழைக்காலத்தில் தொலைவூருக்கு அதில் மட்டும் கருப்பட்டி அனுப்புவது பேதைமை. ஆனால் உள்ளே ஒட்டிய தனிப் பாலிதீன் பை, வெளியே குருத்தோலைக் கொட்டான் என்று வைத்தால், காப்பைப் பை தருகிறது. தாங்கும் வலிமையையும் அழகையும் ஊர்ப்பெயரையும் கொட்டான் தருகிறது. பை எடைக்குப் போகும். கொட்டான் வீட்டில் தங்கும். பசையால் பிணைக்காத அடுக்கு என்பதை நம் பெண்டிர் என்றோ முடைந்து வைத்திருக்கிறார்கள். சில்லுக் கருப்பட்டிக்கும், புவிசார் குறியீடு பெற்ற உடன்குடிக் கருப்பட்டிக்கும் இவ்வுறை மிகப் பொருந்தும். ஒன்று கவனிக்கவேண்டும். சாயமிட்ட ஓலை பண்டத்தைத் தொடக்கூடாது. கொட்டான் முடைவோருக்குப் பெட்டிக் கணக்கில் உடனுக்குடன் கூலி கிடைக்க வழி செய்யாத சங்கம், ஓலையின் பெருமையைப் பேசிப் பயனில்லை.

நெசவாளர் அங்கத்தினர்க்கும் சில சொற்கள். தானியச் சாக்காகச் சணலுக்கு 1987ஆம் ஆண்டுச் சட்டம் காப்பளிக்கிறது. உணவுத் தானியம் முழுதும், சர்க்கரையில் ஐந்தில் ஒரு பங்கும் சணற்சாக்கில் அடைக்கப்பட வேண்டும் என்று அதன்கீழ் வரையறுக்கப்பட்டு வந்துள்ளது. உரமும் சிமெண்டும் வரும் வெள்ளைச் சாக்கோ, பாலிபுரோப்பிலீன் நாடாவைப் பாவும் ஊடையுமாக வட்டத்தறியில் நெய்தது. பிளாஸ்டிக்கும் தறிக்கு வந்தே தீர்ந்தது! 2021 டிசம்பரில் அரசு தொடங்கிய ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைப் பலரும் பாராட்டுகிறார்கள். அப்பைக்குரிய துணி எத்தறியில் நெய்தது என்று கேட்போர் சிலரே. சங்கங்கள் கேட்கவேண்டும்.

வீரவநல்லூர்ச் செடிபுட்டாச் சேலையைப் போன்ற கைத்தறித் துணியைப் பாலிதீன் உறையில் இறுக அடைத்து மாதக்கணக்கில் வைப்பது தவறு. கஞ்சிப் பசையில் சிறிது ஈரம் இருந்தாலும் உள்ளே சிக்கிப் பூஞ்சணம் பிடிக்கும். வெள்ளிச் சரிகை கருக்கும். வழிப்பயணத்துக்குப் பாலிதீன் போதும். கடைக்கும் வீட்டுக்கும் மெல்லிய பருத்தித் துணி உறையே தகும். அத்துணி உறையும் சங்கத்தின் தறியிலேயே நெய்யக்கூடியது என்பதைச் செயலாளர்கள் எண்ணிப் பார்ப்பார்களாக.

இனி வாங்கும் கணக்கு. வியாபாரிகள் சிலர் கேஜ் என்றும், சிலர் மைக்ரான் என்றும் சொல்வார்கள். ஒரு மைக்ரான், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 100 கேஜ் என்பது 25 மைக்ரான். தாளை எடைக்கு வாங்கிப் பைக்கணக்கில் செலவிடுவதால், ஒரு கிலோவில் எத்தனை பை தேறும் என்று தெரிந்திருக்க வேண்டும். 15 சென்டிமீட்டர் அகலமும் 20 சென்டிமீட்டர் உயரமும் உள்ள பைக்கு இருபுறமும் சேர்த்து 600 சதுர சென்டிமீட்டர் தாள் செல்லும். 50 மைக்ரான் பாலிதீனில் அப்பை ஒன்று ஏறத்தாழ 2¾ கிராம் எடையிருக்கும். ஆகவே கிலோவுக்குச் சுமார் 360 பைகள். 75 மைக்ரானில் சுமார் 240தான். வியாபாரி 75 என்று விலை பேசி, கிலோவில் 300 பை எண்ணித் தந்தால், தாள் எங்கோ மெலிந்துவிட்டது என்று பொருள்.

தனித்தாள் எது என்று ஐயம் வந்தால் சிறு துண்டை நறுக்கி, சோப்பு நீரில் நனைத்துத் தண்ணீரில் விடலாம். பாலிதீனும் பாலிபுரோப்பிலீனும் மிதக்கும், பாலியெஸ்டர் மூழ்கும். அடுக்குத் தாளுக்கு இச்சோதனை உதவாது. அச்சு விஷயத்தில், ஒவ்வொரு வர்ணத்துக்கும் தனி உருளை செதுக்கவேண்டியிருப்பதால்தான் அச்சகங்கள் பெருந்தொகைக்கே ஆணை கேட்கின்றன. சிறு சங்கத்துக்கு அச்சில்லாப் பையும் தனியே ஒட்டும் சீட்டும் போதும். உரிம எண்ணோ விலையோ மாறினால் சீட்டுத்தான் வீணாகும். உணவைச் செய்தித்தாளில் பொதிவதை 2018ஆம் ஆண்டு உணவுப் பொதி ஒழுங்குமுறைகள் தடுக்கின்றன. மை உணவில் ஏறும் என்பதே காரணம். சந்தைக் கடைகளில் இன்றும் அது நடப்பதைப் பார்க்கிறோம்.

பெரிய ஆணை கொடுக்குமுன் ஒரு மழைக்காலச் சோதனை செய்வது அவசியம். கருப்பட்டியைச் சிரட்டையிலிருந்து எடுத்தவுடன் அடைக்காமல் நன்கு ஆறி உலரவிட வேண்டும். வெம்மையோடு அடைத்தால் ஆவி உள்ளேயே வேர்த்துப் பூஞ்சணத்துக்கு இடமாகும், எத்தாளும் அதைத் தடுக்காது. புரட்டாசியில் ஒவ்வொரு வகை உறையிலும் பத்துப் பைகளை அடைத்து, ஒரு கிராம் வரை காட்டும் தராசில் நிறுத்து, எடையைப் பையின்மேல் எழுதவும். ஐந்து பைகளைக் கிடங்கிலும், ஐந்தை ஓர் அங்கத்தினர் வீட்டு அடுக்களையிலும் வைக்கவும். மாதம் ஒருமுறை நிறுக்கவும். எடை ஏறினால் தாள் ஈரத்தை உள்ளே விடுகிறது. ஒரே வகையில் ஒன்றிரண்டு பை மட்டும் ஏறினால் குற்றம் தாளில் இல்லை, ஒட்டிய வாயில் இருக்கிறது, ஒட்டும் இயந்திரத்தின் சூட்டைச் சரிபார்க்கவேண்டும். தை மாத நிர்வாகக் குழுக் கூட்டத்துக்கு அந்த எடைப் புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்த பிறகே, வரும் பதனீர்ப் பருவத்துக்கான உறைக்கு விலைப்புள்ளி கேட்கலாம்.